எட்டு லாரித் தண்ணீர்

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் மே மாதம் பிறந்தால், அசோசியேஷன் கூட்டத்தில் நீச்சல் குளம் தலைகாட்டாமல் இருக்காது. "மாசம் எட்டு லாரி குளத்துக்கே போவுது, எங்கயோ லீக் இருக்கு" என்பார் பொருளாளர். "வெயில் சார், ஆவியாப் போவுது" என்பார் பூல் ஆபரேட்டர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. யார் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று அளந்து பார்ப்பதற்குள், கசிவு கண்டுபிடிக்கும் நிறுவனம் ஒன்றுக்குப் போன் போய்விடும். பெட்டி நிறையக் கருவிகளோடு ஆட்கள் வருவார்கள். ஒரு நாள் முழுக்கக் குளத்தைச் சுற்றுவார்கள். மறுநாள், டைல்ஸ் மொத்தத்தையும் பெயர்த்து வாட்டர் ப்ரூஃபிங் செய்ய ஒரு கொட்டேஷன் வந்து சேரும்.

அந்தக் கொட்டேஷனில் இருக்க வேண்டிய இரண்டு எண்கள் பெரும்பாலும் இருக்காது. குளம் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் இழக்கிறது? கண்டுபிடித்ததாகச் சொல்லும் ஓட்டை அதில் எத்தனை லிட்டருக்குப் பொறுப்பு? இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவரைத்தான் நம்பலாம் என்பது என் கட்சி. கருவியைக் காசு இருந்தால் யாரும் வாங்கிவிடலாம். கணக்கை நேர் செய்து காட்டத்தான் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரியாக 1.2 மீட்டர் ஆழம் கொண்ட குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 3 லட்சம் லிட்டர். நீர்மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினால் 250 லிட்டர் போய்விட்டது என்று பொருள். 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்து கொட்டினால் மட்டம் 48 மில்லிமீட்டர் ஏறும், ஐந்து சென்டிமீட்டர்கூட முழுசாக இல்லை.

முதலில் வெயிலின் பங்கு. ஆவியாதலைப் பற்றி ஜான் டால்டன் 1802இல் சொன்னது இன்றும் செல்லும். நீர்ப்பரப்பின் ஆவி அழுத்தத்துக்கும், மேலே உள்ள காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தின் அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுக்கு நீர் கிளம்பும். காற்று வீசினால் இன்னும் வேகமாகக் கிளம்பும். பகலெல்லாம் சூடேறிய குளம், சூரியன் மறைந்த பிறகும் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். சென்னையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடித்து, கடற்காற்று தாமதமாக உள்ளே வரும் மே, ஜூன் நாட்களில் திறந்த நீர்ப்பரப்பு ஒரு நாளைக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை இழக்கும். 6 என்று வைத்தால் நம் குளத்துக்கு அது 1,500 லிட்டர், மாதத்துக்கு 45,000 லிட்டர். எட்டு லாரியில் கிட்டத்தட்ட நான்கு லாரி வானத்துக்குப் போய்விட்டது. ஆபரேட்டர் சொன்னது பாதி சரி.

அடுத்தது பேக்வாஷ். மணல் பில்டரைக் கழுவும்போது நிமிடத்துக்கு 500 லிட்டர் என்று மூன்று நிமிடம் ஓடினால் 1,500 லிட்டர். வாரம் இரண்டு தடவை என்றால் மாதத்துக்குச் சுமார் 13,000. ஒரு லாரிக்கு மேலேயே ஆயிற்று. பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போட்டுக் கரையில் இறைப்பதற்கு, தாராளமாக, ஒரு 4,000. வந்தது 96,000, கணக்கில் வந்தது 62,000, மீதி 34,000. ஒரு நாளைக்கு 1,100 லிட்டர் சொச்சம், மட்டத்தில் நாலரை மில்லிமீட்டர். லீக் என்று ஒன்று இருந்தால் அது இந்த அளவில்தான் இருக்க முடியும். லாரிக் கணக்கு செக்யூரிட்டி கேட் ரிஜிஸ்டரில் தேதி வாரியாக இருக்கும். கணக்குப் போட ஆள் வைக்கத் தேவையில்லை.

இவ்வளவு நீர் போக எத்தனை பெரிய ஓட்டை வேண்டும்? டாரிசெல்லி 1644இல் வெளியிட்ட விதிப்படி, ஓட்டை வழியாக வெளியேறும் நீரின் வேகம் அதன் மேல் நிற்கும் நீரின் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1.2 மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் 4.8 மீட்டர் வேகம் வரும். தடையில்லாமல் வெளியேறினால் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஓட்டை ஒரு நாளைக்கு 1,700 லிட்டருக்கு மேல் இழக்கும். மே மாதத்து வெயில் முழுக் குளத்திலிருந்தும் எடுப்பதைவிட இது அதிகம். சுற்றிலும் இறுகிய மண் இருந்தால் குறையும். அப்படிப் பார்த்தால் நம் 1,100 லிட்டருக்கு ஒரு மெல்லிய விரிசலோ, குளத்து விளக்கின் வயர் போகும் குழாயில் உதிர்ந்துபோன அடைப்போ போதும். டைல்ஸ் மொத்தத்தையும் பெயர்க்கச் சொல்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவே: இத்தனை சின்ன இழப்புக்கு இத்தனை பெரிய சிகிச்சை ஏன்?

ஆவியாதலையும் கசிவையும் பிரிக்க உலகம் முழுவதும் பயன்படுவது ஒரு வாளி. அதில் குளத்து நீரையே நிரப்பி, உள்ளே ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் படிக்கட்டில் பாதி முங்கும்படி வைக்க வேண்டும். உள்மட்டமும் வெளிமட்டமும் சமமாக இருக்கட்டும். இரண்டிலும் கோடு போட்டு, 24 மணி நேரம் யாரையும் குளத்தில் இறங்கவிடாமல், தானாக நிரப்பும் மிதவை வால்வையும் மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரே வெயில், ஒரே காற்று, ஏறக்குறைய ஒரே வெப்பம், அதனால் ஆவியாதல் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். வெளிமட்டம் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்தக் கூடுதல்தான் கசிவு.

எளிய சோதனை, ஆனாலும் ஏமாற்றக்கூடியது. வாளியின் விளிம்பு நீருக்கு மேல் உயரமாக நீட்டிக்கொண்டிருந்தால் காற்றை மறைக்கும். உள்ளே ஆவியாதல் குறைந்து, லீக்கே இல்லாத குளத்திலும் லீக் இருப்பதாகக் காட்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நீர் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்தாயிரத்தில் மூன்று பங்கு விரியும். மாலை ஆறு மணிக்குக் கோடு போட்டு, மறுநாள் காலை மூன்று டிகிரி குளிர்ந்த குளத்தைப் பார்த்தால், 1.2 மீட்டர் ஆழ நீர் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சுருங்கியிருக்கும். ஒரு சொட்டுகூட வெளியே போகாமல் 270 லிட்டர் 'காணாமல்' போகிறது. வாளியின் ஆழம் குறைவு என்பதால் அது அவ்வளவு சுருங்காது, இந்தப் பிழையைச் சரி செய்தும் தராது. ஆகவே காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை என்று அளக்க வேண்டும், மூன்று நாள் சேர்ந்தாற்போல் அளந்தால் இன்னும் நல்லது. "ராத்திரி வச்சுக் காலையில பாத்துட்டோம் சார்" என்று ஒரு சர்வீஸ்காரர் சொன்னால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும்.

நம் ஊரில் புதிதாகக் கட்டும் குளங்கள் பலவும் ஓவர்ஃப்ளோ வகை. நீர் விளிம்பைத் தாண்டி வழிந்து, ஜல்லடை மூடிய கால்வாய் வழியாகப் பாலன்ஸ் டேங்குக்குப் போய், அங்கிருந்து மோட்டார் வழியாகத் திரும்பி வரும். மோட்டார் ஓடும் வரை குளத்தின் மட்டம் விளிம்பிலேயே நிற்கும். எத்தனை லிட்டர் இழந்தாலும் அதில் ஒன்றும் தெரியாது, இழப்பு முழுவதும் பாலன்ஸ் டேங்கில்தான் தெரியும். டேங்கின் நீர்ப்பரப்பு 10 சதுர மீட்டர் என்றால், குளத்தில் 1 மில்லிமீட்டர் இழப்பு அங்கே 25 மில்லிமீட்டராக விரிந்து தெரியும். அளக்க அருமையான இடம். ஆனால் வருகிறவர்களில் பலர் குளத்தின் ஓரத்தில் மட்டும் வாளியை வைத்துவிட்டு, பாலன்ஸ் டேங்கின் மூடியைத் திறக்காமலேயே போய்விடுகிறார்கள்.

மோட்டாரை ஒரு நாள் ஓடவிட்டும் ஒரு நாள் நிறுத்தியும் அளந்தால் பாதி விசாரணை முடிந்துவிடும். நிறுத்தினாலும் ஓட்டினாலும் ஒரே இழப்பு என்றால் குற்றவாளி பெரும்பாலும் குளத்தின் உடல்: விளக்குக் குழி, படிக்கட்டு மூலை, மெயின் டிரெயினைச் சுற்றிய பூச்சு. ஓடும்போது மட்டும் கூடினால் திரும்பி வரும் குழாய். அதற்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்றால் அது 10 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமம். அதே ஓட்டை, குளத்தின் அடியில் இருந்தால் விடுவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விடும். ஓவர்ஃப்ளோ குளத்தில் வழிகால்வாயும் மோட்டார் ஓடும்போது மட்டுமே நனைவதால் அதையும் சந்தேகிக்க வேண்டும். நிறுத்தும்போது கூடினால் உறிஞ்சும் குழாய். மோட்டார் ஓடும்போது அது காற்றை உள்ளே இழுத்து, குளத்துக்குள் குமிழியாகத் துப்பிக் காட்டிக்கொடுக்கும்.

இதில் எல்லோரும் மறக்கும் ஓர் ஆசாமி உண்டு. பில்டரோடு இணைந்த மல்டிபோர்ட் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கேஸ்கட். அது தேய்ந்தால் பில்டர் வழக்கம்போல ஓடும்போதே ஒரு பங்கு நீர் பேக்வாஷ் குழாய் வழியாகச் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருக்கும். தரையில் ஈரமில்லை, விரிசலில்லை, யாருக்கும் தெரியாது. அந்தக் கழிவுக் குழாயின் முனையில் ஒரு பாலித்தீன் பையைக் கட்டி ஒரு மணி நேரம் விட்டால் தெரிந்துவிடும். மாற்ற வேண்டியது ஒரு ரப்பர் துண்டு. குளத்தைப் பார்ப்பதற்கு முன் மோட்டார் ரூமுக்குப் போகிற சர்வீஸ்காரரை நான் நம்புவேன்.

அளக்க இன்னொரு வழி உப்பு. ஆவி உப்பைக் கொண்டுபோகாது, கசிவு கொண்டுபோகும். லாரித் தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு என்றால் எட்டு லாரியோடு 96 கிலோ குளத்துக்குள் வருகிறது. எல்லாம் ஆவியாகத்தான் போகிறது என்றால் குளத்தின் டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கும் கரைந்த உப்பு, மாதத்துக்கு 320 ஏறியாக வேண்டும். குளோரினும் அமிலமும் சேர்ப்பதால் அதற்கு மேலும் கொஞ்சம் ஏறும். மாறாக, டி.டி.எஸ். 2,000 உள்ள குளத்திலிருந்து கசிவு, பேக்வாஷ், இறைப்பு என்று 51,000 லிட்டர் திரவமாகவே வெளியேறினால் 102 கிலோ உப்பு கூடவே போய்விடும், மீட்டர் கிட்டத்தட்ட நகராது. ஆபரேட்டரின் பதிவேட்டில் மூன்று மாதத்து டி.டி.எஸ். அளவுகள் இருந்தாலே "வெயில் சார்" என்பது எவ்வளவு தூரம் நிற்கும் என்று சொல்லிவிடலாம்.

குளம் போடியத்தின் மேலும் கார் நிறுத்தம் கீழும் இருக்கும் கட்டடங்களில் விவகாரம் வேறு மாதிரி வெடிக்கும். மேல்தளத்திலிருந்து சொட்டி, காரின் பானெட்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், துடைத்தால் போகாது. கான்கிரீட்டுக்குள் ஊறிய நீர் அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு வந்து, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாகப் படிவதுதான் அது. அந்தச் சொட்டு குளத்து நீரா, மழைநீரா, யாரோ வீட்டுப் பாத்ரூம் நீரா? குளோரின் சோதனை இங்கே உதவாது, வரும் வழியிலேயே குளோரின் செலவாகிவிடும். ஆனால் குளத்தில் டி.சி.சி.ஏ. என்ற குளோரின் மாத்திரை போடுகிறார்கள் என்றால் அதிலிருந்து சயனூரிக் அமிலம் சேர்ந்துகொண்டே போகும், லேசில் அழியாது. வேறெந்த வீட்டுக் குழாயிலும் அது இருக்கக் காரணமில்லை. சொட்டை ஒரு பாட்டிலில் பிடித்துச் சயனூரிக் அமிலத்துக்குச் சோதித்தால் சண்டையில் பாதி அடங்கும். சேவை தேடுவோர் போனிலேயே கேட்கலாம்: "கீழே சொட்டுற தண்ணி குளத்துத் தண்ணிதான்னு எப்படிச் சொல்வீங்க?" பதில் வர எடுக்கும் நேரத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு வேலை. பார்க்க அழகானது சாயச் சோதனை. மோட்டாரை நிறுத்தி, நீர் முற்றிலும் அசைவற்றுப் போகும் வரை பொறுத்து, முகமூடி போட்ட ஆள் மெதுவாக மூழ்கி, விளக்குக் குழியின் ஓரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு துளி நிறத்தை விடுகிறார். நிறம் சிறிது நேரம் அப்படியே தொங்குகிறது. ஓட்டை இருந்தால் நூலாகத் திரிந்து, வளைந்து, இடுக்குக்குள் நுழைந்து மறைகிறது. "இழுக்குது பாருங்க சார்" என்பார் மேலே வந்து. ஆனால் அவர் கை அசைந்தாலும் நிறம் ஓடும். டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம் வெறுமனே கொஞ்சம் உறிஞ்சினாலும் ஓடும். அதே இடத்தில் மூன்று நான்கு தடவை விட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே இடுக்குக்குள் போகிறதா என்று வீடியோ எடுத்துக் காட்டினால்தான் அதைச் சான்றாக ஏற்பேன்.

குழாய்களுக்கு அழுத்தச் சோதனை. ஒவ்வொரு லைனையும் இரண்டு முனையிலும் ரப்பர் பிளக் போட்டு அடைத்து, நீரால் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். "எல்லா லைனும் சேத்து ஒரே டெஸ்ட்" என்பது ஒன்றுக்கும் உதவாது. பி.வி.சி. குழாயில் வெறும் காற்றை உயர் அழுத்தத்தில் ஏற்றுகிறவரை உடனே நிறுத்துங்கள். நீர் லேசில் சுருங்காது, அதனால் குழாய் உடைந்தால் அழுத்தம் அந்தக் கணமே விழுந்துவிடும். காற்று சுருண்ட ஸ்பிரிங்போல் ஆற்றலைச் சேர்த்து வைக்கும், உடையும் குழாய் சில்லுசில்லாகத் தெறிக்கும்.

எந்த லைன் என்று தெரிந்த பிறகு, எந்த அடியில் என்பதற்கு ஒலி. இரும்புக் குழாயில் கசிவின் சத்தம் தொலைவு வரை போகும். பிளாஸ்டிக் அதை வழியிலேயே தின்றுவிடும். அதனால் அடைத்த குழாய்க்குள் மிதமான அழுத்தத்தில் காற்றை விட்டு, அது மண்ணுக்குள் குமிழியிட்டு வெளியேறும் குறுகுறுப்பைத் தரைமேல் வைத்த மைக்கில் கேட்கிறார்கள். கேட்பவரின் காது பழகியிருக்க வேண்டும், மோட்டார் ரூமின் இரைச்சல் அடங்கியிருக்க வேண்டும், முடிந்தால் விடியற்காலை. இன்னும் பிடிபடாவிட்டால் வாயு. 95 பங்கு நைட்ரஜனில் 5 பங்கு ஹைட்ரஜன் கலந்தது, தீப்பற்றாது. மூலக்கூறுகளில் மிகச் சிறியதும் இலேசானதுமான ஹைட்ரஜன் மண்ணையும் கான்கிரீட்டையும் ஊடுருவி மேலே வர, மோப்பக் கருவி பிடிக்கும். வாயு தனக்கு எளிதான வழியில்தான் வரும். ஓட்டை ஓரிடத்தில் இருக்க, அது இரண்டடி தள்ளி டைல்ஸ் இடுக்கில் தலைகாட்டலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குகிறவர் அனுபவசாலி.

தெர்மல் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் விளம்பரப் படங்களில் முன்னால் நிற்பது அதுதான். அது பார்க்கும் அகச்சிவப்புக் கதிரை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீரே முழுசாக விழுங்கிவிடும். குளத்தின் நீர்ப்பரப்பை நோக்கிப் பிடித்தால் அது நீரின் மேல்தோலைத்தான் பார்க்கும், தரையையோ விரிசலையோ அல்ல. கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் படர்ந்த இடம் ஆவியாதலால் குளிர்ந்து தெரிவதைக் காட்ட அது நல்ல கருவி. குளத்துக்கு மேலே நின்று அதைப் பிடித்துக்கொண்டு "உள்ளே தெரியுது" என்பவரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம்.

"மொதல்ல தண்ணிய மொத்தமா இறக்கிடுங்க" என்று தொடங்குகிறவரிடம் இன்னும் கவனம் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். குளத்துத் தரையின் அடிப்பக்கத்துக்கு மேல் 0.6 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது என்றால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் 600 கிலோ விசையோடு கீழிருந்து தள்ளும். 20 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தரையின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோதான். நிறைந்த குளத்தில் மேலே உள்ள நீர் அதை அமுக்கி வைத்திருக்கிறது. காலியாக்கினால் 250 சதுர மீட்டர் தரைக்கு 150 டன் தூக்கு விசை. பக்கச் சுவர்களின் எடை ஓரங்களில்தான் கைகொடுக்கும், நடுவில் தரை வெடிக்கலாம், முழுக் குளமே சாய்ந்து மேலெழும்பலாம். இல்லாத லீக்கைத் தேடப்போய் இருக்கிற குளத்தை இழந்த கதையாகிவிடும். பக்கத்துக் கிணற்றிலோ போர்க்குழியிலோ நீர்மட்டம் என்ன என்று கேட்காமல் குளத்தை இறக்கச் சொல்வது அலட்சியம். கசிவை ஆராயும்போது பெரும்பாலும் குளம் நிறைந்தேதான் இருக்க வேண்டும். ஓட்டை வழியாக நீர் ஓடினால்தானே ஓட்டையைக் காண முடியும்?

பணம் பேசும்போது, கண்டுபிடிப்பதற்குத் தனிக் கட்டணம், பழுது பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் என்று பிரித்துக் கேளுங்கள். "கண்டுபிடிக்கறது ஃப்ரீ, வேலை எங்ககிட்ட குடுத்தா போதும்" என்பவருக்குப் பெரிய ஓட்டையே கண்ணில் படும். அறிக்கையில் மூன்று நாள் அளவுகள், மோட்டார் ஓடியபோதும் நின்றபோதும் தனித்தனியாக, ஒவ்வொரு லைனுக்கும் கேஜின் முன்-பின் படம், சாயச் சோதனையின் வீடியோ, பிறகு கண்டுபிடித்த ஒவ்வொரு கசிவும் இழப்பில் ஏறத்தாழ எவ்வளவு என்ற மதிப்பீடு இருக்க வேண்டும். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று எழுதித் தரத் தயாரா என்றும் கேட்டுவிடுங்கள். தயார் என்பவருக்கே என் ஓட்டு.

பழுது பார்த்து முடிந்ததும் அதே வாளி, அதே காலை ஆறு மணி, அதே மூன்று நாள். பாக்கித் தொகையை அதுவரை நிறுத்தி வைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். நாலரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகக் குறைந்திருந்தால் கொடுத்துவிடுங்கள், அதற்குக் கீழே வாளியின் துல்லியம் இடம் தராது. ஒரு நிபந்தனை மட்டும்: இந்த மறு அளவை நவம்பரில் வைத்துக்கொள்ளாதீர்கள். மழை மட்டத்தைக் குழப்பும் என்பது ஒரு பக்கம். நிலத்தடி நீர் ஏறி ஓட்டைக்கு வெளியிலிருந்து எதிர்த்துத் தள்ளும்போது, அடைக்கப்படாத ஓட்டைகூட ஒழுகாமல் இருக்கலாம் என்பது மறுபக்கம். மார்ச்சில் நிலத்தடி நீர் இறங்கியதும் அது மறுபடி ஒழுகத் தொடங்கும், அதற்குள் வாரன்டி முடிந்திருக்கும்.